வீட்டிலேயே ஜிக் வார்ப்பது எப்படி: முள் தேர்வு முதல் முடி கட்டுவது வரை

தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயக் குண்டு வார்த்த மீன்பிடி இரைதான் ஜிக்; அந்தக் குண்டுதான் தலை. கடையில் தொங்கும் ஜிக் தலைகளில் எடை குறைந்தால் முள்ளும் மெலிந்துவிடும். தடித்த முள் வேண்டுமென்றால் எடை 20 கிராமைத் தாண்டிப் போகும். சென்னைக்கு அருகிலுள்ள முட்டுக்காடு போன்ற கழிவெளியில் (கடலோர உப்பங்கழியில்) இடுப்பளவு நீரில் கொடுவா மீன் பிடிக்கத் தேவைப்படுவதோ 7 கிராம் தலையும் அதில் 4/0 அளவுத் தடித்த முள்ளும் (சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் கூடக்கூட முள் பெரிது). இந்தச் சேர்க்கை கடையில் அரிதாகவே கிடைக்கும். மெல்லிய முள்ளைக் கொடுவா கடித்து நெரித்தே நிமிர்த்திவிடும். எடையையும் முள்ளையும் நாமே பொருத்திக்கொள்ளலாம் என்பதுதான் வீட்டில் வார்ப்பதன் பெரிய பயன். காசு மிச்சமாவது அதற்குப் பிறகுதான். முதல் 50 ஜிக் வார்த்து முடிக்கும்வரை மிச்சமே இருக்காது.

இங்கே சொல்வது மிக எளிய வகை: உருண்டைத் தலை ஜிக். ஒரு முள், அதன் கழுத்தில் ஈய உருண்டை, அதன் பின்னால் ரப்பர் மீனையோ முடியையோ பிடித்து நிறுத்தும் சிறு கழுத்துப்பட்டை. இதை ஒழுங்காக வார்க்கக் கை பழகிவிட்டால் மற்ற வடிவங்களுக்கு அச்சு மட்டும்தான் மாறும்.

முதலில் முள்

அச்சு செய்வதற்கு முன்பே முள்ளை வாங்கிவிட வேண்டும். வீட்டில் செய்யும் அச்சில் முள் படுக்கும் பள்ளம் அந்த ஒரு முள்ளின் அளவுக்கே பதியும். வேறு கம்பெனி முள் அதே எண்ணில் வந்தாலும் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே ஒரே கம்பெனி, ஒரே அளவில் 50 முள்ளாவது ஒன்றாக வாங்குங்கள்.

சாதாரணத் தூண்டில் முள் இதற்கு ஆகாது. ஜிக் முள்ளின் தண்டு, நரம்பு (தூண்டில் இழை) கட்டும் காதுக்குச் சற்று முன்னால் வளைந்திருக்கும். 90 டிகிரி வளைவு உள்ளதை நீரில் தொங்கவிட்டால் ஜிக் படுக்கைவாட்டில் நிற்கும். தத்தித் தத்தி இழுக்கவும், படகிலிருந்து மேலும் கீழும் ஆட்டவும் ஏற்றது. 60 டிகிரி வளைவு நேராக நீந்தவிட்டு இழுப்பதற்கு நல்லது, பாசியிலும் குறைவாகவே சிக்கும். முதன்முதலாகச் செய்பவர்கள் 90 டிகிரியே எடுத்துக்கொள்ளலாம். 3 அங்குல ரப்பர் மீனுக்கு 2/0, 4 முதல் 5 அங்குலத்துக்கு 4/0. கடல் நீருக்கு வெள்ளீய முலாம் பூசிய முள் வாங்குங்கள். வெறும் கறுப்பு முள் உப்பு நீரில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

எவ்வளவு எடை

ஒன்றிரண்டு மீட்டர் ஆழமுள்ள கழிவெளிக்கு 5 முதல் 10 கிராம். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுகளின் கற்கள் மேல் நின்று அலைக்கு அப்பால் பாறை மீனுக்கும் சீலா மீனுக்கும் வீசுவதற்கு 14 முதல் 28 கிராம். படகில் 20, 30 மீட்டர் ஆழத்துக்கு 40 கிராமுக்கு மேல். நீரோட்டம் கூடினால் எடையும் கூட வேண்டும். ஆனாலும் தரையைத் தொட்டது கைக்குத் தெரியும் அளவில் மிகக் குறைந்த எடைதான் நல்ல எடை. கனம் கூடினால் ஜிக் விழும் வேகம் கூடும். மீன் பெரும்பாலும் கடிப்பது அது விழும்போதுதான்.

ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.34 கிராம். இதை வைத்துத் தலையின் அளவை முன்கூட்டியே கணக்கிடலாம். 10.5 மி.மீ. விட்டமுள்ள உருண்டை ஏறத்தாழ 7 கிராம்; 12 மி.மீ. உருண்டை 10 கிராம்; 13.3 மி.மீ. 14 கிராம், 15 மி.மீ. 20 கிராம், 16.8 மி.மீ. 28 கிராம். சிறுவர்கள் ஆடும் 16 மி.மீ. கோலிக்குண்டின் அளவில் வார்த்தால் 24 கிராம் வரும். விட்டத்தில் ஒரு மி.மீ. ஏறினாலே எடை எவ்வளவு தாவுகிறது என்று பாருங்கள். மாதிரி உருவைக் கண்ணால் மட்டும் பார்த்துச் செய்தால் எடை தவறுவது இதனால்தான்.

காரீயமும் வெள்ளீயமும்

தமிழில் இரண்டையுமே ஈயம் என்றுதான் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். வலைமணியும் (மீன்வலையில் கோக்கும் எடைக்குண்டு) தூண்டில் குண்டும் காரீயம். முன்னது உணவுப் பாத்திரம், பின்னது நஞ்சு. இந்த வழிகாட்டியில் ஈயம் என்று வெறுமனே வரும் இடமெல்லாம் காரீயம்தான்.

காரீயம் 327 டிகிரியில் உருகும், மலிவு, கனம், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், நஞ்சில்லை. ஆனால் அடர்த்தி 7.3 மட்டும். 12 மி.மீ. அச்சில் 10 கிராமுக்குப் பதில் ஆறரை கிராம்தான் வரும். விலையும் பல மடங்கு. பிஸ்மத் 58 பங்கு, வெள்ளீயம் 42 பங்கு சேர்ந்த கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும். சிலிகான் அச்சில் வார்க்க அருமையானது, சற்று நொறுங்கும் தன்மை உண்டு.

வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்து, தனியாக ஒதுங்கிய திறந்த இடமும் இல்லையென்றால், காரீயத்தைத் தொடவே வேண்டாம், வெள்ளீயத்தில் செய்யுங்கள். குழந்தைகளின் உடலில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது. நீர்ப்பறவைகளின் பக்கமும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளை 1987-இல் தடை செய்தார்கள். பறவைகள் மேயும் ஆழமற்ற கழிவெளிகளில் சிறு எடைகளை வெள்ளீயத்தில் வார்ப்பதே முறை. அங்கே எடை குறைவாகத்தான் தேவை என்பதால் இழப்பும் இல்லை.

ஈயம் வாங்கும்போது

பழைய இரும்புக் கடையில் ஈயத்தகடு, பழைய ஈயக் குழாய், கேபிளின் ஈய உறை கிடைத்தால் எடுங்கள். இவை மென்மையான ஈயம். நகத்தால் கீறினால் கோடு விழும். பழைய வலைமணிகளும் நல்லவையே. டயர் கடையில் கிடைக்கும் சக்கர எடைகளில் ஆன்டிமனி கலந்திருக்கும். கடினமாக உறையும், சிறிய தலைகளில் முழுக்க ஓடி நிறையாது. 20 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்குப் பயன்படும். ஆனால் இன்றைய சக்கர எடைகளில் துத்தநாகமும் இரும்பும் கலந்தே வருகின்றன. சிமென்ட் தரையில் போட்டுப் பாருங்கள்: ஈயம் தொப்பென்று விழும், மற்றவை ணங்கென்று ஒலிக்கும். தப்பித் தவறி ஒன்றிரண்டு துத்தநாகத் துண்டு சட்டிக்குள் போனாலும் அது 419 டிகிரியில்தான் உருகும். வெப்பத்தை 400-க்குள் வைத்திருந்தால் மேலே மிதக்கும், வாரி எடுத்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் முழுவதும் கஞ்சிபோல் திரண்டு வீணாகும்.

பேட்டரித் தகடுகளை எந்தக் காரணத்துக்காகவும் உருக்காதீர்கள். அவற்றில் அமிலமும் ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் உண்டு. அதன் கசடில் ஈரம் பட்டாலே கொல்லும் நச்சு வாயு கிளம்பும்.

ஒரு கிலோ ஈயத்தில் கசடு போக 10 கிராம் தலை ஏறத்தாழ 90 வரும். தொடங்க அதுவே போதும்.

இடமும் உடுப்பும்

மொட்டைமாடியிலோ கொல்லையிலோ, மேலே கூரை இல்லாமல், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். சமையலறையில் ஒருபோதும் வேண்டாம். வானம் மூடியிருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிவையுங்கள். உருகிய ஈயத்தின் மேற்பரப்பில் விழும் துளி தெறித்து ஆவியாகும். ஈயத்துக்கு அடியில் சிக்கும் துளியோ நொடியில் ஆவியாகி விரிந்து சட்டியிலுள்ள ஈயத்தையே முகத்தில் வாரி இறைக்கும். இந்தத் தொழிலில் பெரிய காயங்கள் பெரும்பாலும் ஈரத்தால் வருபவை. நெற்றி வியர்வைக்கும் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள்.

முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை, மூடிய தோல் காலணி. பாலியஸ்டர் துணி தோலோடு உருகி ஒட்டிக்கொள்ளும், தவிர்த்துவிடுங்கள். வெல்டிங் தோல் கையுறை, முகம் முழுக்க மறைக்கும் தெளிவான தடுப்பு, ஈயப் புகைக்கான பி-100 வடிகட்டி பொருத்திய முகமூடி. துணி முகக்கவசம் பயன்படாது. வேலை முடியும்வரை சாப்பாடு, தண்ணீர், புகை எதுவும் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஈயம் தோல் வழியே எளிதில் ஏறாது. கையிலிருந்து வாய்க்குப் போவதும், கசடுத் தூளை மூச்சில் இழுப்பதும்தான் ஆபத்து.

அச்சு

அமெரிக்காவின் டூ-இட் போன்ற கம்பெனிகளின் அலுமினிய அச்சுகள் ஆயுளுக்கும் உழைக்கும், ஆனால் இறக்குமதிச் செலவு கூடுதல். தொடங்குபவருக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். கவனமாகக் கையாண்டால் ஓர் அச்சில் இருபது முப்பது தலைகள் வார்க்கலாம். அதற்குள் எந்த வடிவம் உங்களுக்குக் கைகொடுக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மாதிரி உரு செய்ய ஒரு முள்ளின் கழுத்தில் எம்-சீல் பிசைந்து உருட்டுங்கள். அளவு பிடிக்க ஓர் அட்டையில் 12 மி.மீ. துளை போட்டு, உருண்டை அதில் சரியாக நுழையும்வரை தேய்த்துக்கொள்ளலாம். உருண்டைக்குப் பின்னால் தண்டின்மேல் 4 மி.மீ. கனத்தில் 8 மி.மீ. நீளத்துக்குக் கழுத்துப்பட்டை, அதன் கடைசியில் சிறு மேடு. முள்ளைப் படுக்கவைத்துப் பார்த்தால் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் எல்லா இடமும் சரிந்துகொண்டே போக வேண்டும். எங்காவது உள்வாங்கிய குடைவு இருந்தால் அச்சைப் பிரிக்கும்போது பிளாஸ்டர் அங்கே உடையும். எம்-சீல் ஒரு நாள் இறுகட்டும். பிறகு நுண்மையான உப்புத்தாளால் வழவழப்பாக்கி, நகப்பூச்சு ஒரு கோட்டுக் கொடுங்கள். மாதிரியில் உள்ள ஒவ்வொரு சொரசொரப்பும் ஒவ்வொரு ஜிக்கிலும் வரும்.

ஏறத்தாழ 9 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதி உயரத்துக்குக் களிமண் நிரப்பிச் சமப்படுத்தி, மாதிரியை அதில் சரிபாதி புதையும்படி அழுத்துங்கள். தலையின் மூக்கு, டப்பாவின் ஒரு குறுகிய சுவரிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கட்டும், ஈயம் ஊற்றும் வாய் அங்கேதான் வரப்போகிறது. முள் முழுவதும் ஒரே மட்டத்தில் படுத்திருக்க வேண்டும். காதின் துளையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். களிமண்ணில் நான்கு மூலையிலும் கோலிக்குண்டால் அரைக்குழி பதியுங்கள். இரண்டு பாதியும் பிற்பாடு ஒன்றோடொன்று சரியாகக் கவ்வுவதற்கு இது வேண்டும்.

100 மில்லி தண்ணீரில் 150 கிராம் பிளாஸ்டரைத் தூவுங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, காற்று புகாமல் மெல்லக் கலக்கி, தோசை மாவுப் பதத்தில் ஒரு மூலையிலிருந்து ஊற்றுங்கள். டப்பாவைத் தட்டிக் குமிழிகளை மேலே வரவிடுங்கள். 40 நிமிடம் கழித்துக் கவிழ்த்து, களிமண்ணை எல்லாம் நீக்கிவிட்டு, மாதிரியை அப்படியே விட்டு, பிளாஸ்டர் முகம் முழுக்க வாசலின் மெல்லப் பூசுங்கள். ஒரு புள்ளி விட்டாலும் இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இரண்டாம் பாதிக்கு அதே அளவில் பிளாஸ்டர்.

மறுநாள் பிரித்து, மூக்குப் பக்கம் ஊற்றுவாய் செதுக்குங்கள். வெளியே 10 மி.மீ. அகலம், தலையைத் தொடும் இடத்தில் 4 மி.மீ. இதைவிடக் குறுகினால் உள்ளே நிறைவதற்குள் வாயிலேயே ஈயம் உறைந்து அடைத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில், கழுத்துப்பட்டையின் கடைசியிலிருந்து அச்சின் விளிம்புவரை குண்டூசியால் ஒரே ஒரு கீறல் போடுங்கள். அதுதான் காற்று வெளியேறும் வழி. இந்தக் கீறல் இல்லாத அச்சில் கழுத்துப்பட்டை எப்போதும் பாதிதான் வரும்.

காயவைப்பது

அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கும் இடம் இதுதான். தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும்.

எடைபோட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. 300 கிராம் பிளாஸ்டரும் 200 கிராம் தண்ணீரும் சேர்ந்து அச்சு 500 கிராம் இருக்கும். இதில் 56 கிராம் தண்ணீர் பிளாஸ்டரோடு வேதிமுறையில் பிணைந்து கல்லாகிவிடும். மிச்சம் 144 கிராம் வெளியேற வேண்டும். ஆக, அச்சு 355 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். செதுக்கியதும் சிந்தியதும் போக உங்கள் கணக்கு சற்று மாறலாம். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் எடைபோட்டு, மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் இருந்தால் சரி. வெயில் காலத்தில் ஒரு வாரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை ஊர்களில் வெயிலில் மட்டும் காயவைத்தால் காயவே காயாது. வெயிலில் காய்ந்த பிறகு 100 முதல் 110 டிகிரியில் நான்கு மணி நேரம் ஓவனில் வையுங்கள். ஈர அச்சை நேரே ஓவனில் வைத்தால் விரிசல் விடும். 120 டிகிரிக்கு மேல் போனால் பிணைந்த தண்ணீரும் கழன்று பிளாஸ்டர் பொடிப்பொடியாகும். ஈயம் பட்ட அச்சு ஒருபோதும் சமையல் ஓவனுக்குள் திரும்பக் கூடாது.

உருக்குதல்

அடிகனமான சின்ன வார்ப்பிரும்புச் சட்டி, நீளக் கைப்பிடி உள்ள இரும்புத் தாளிப்புக் கரண்டி. இரண்டின் பிடியிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தனியாகப் பூட்டி வையுங்கள். மறுபடி அடுப்படிக்குப் போகவே கூடாது. கரண்டியின் ஓரத்தைக் குறடால் சற்று மடித்து மூக்கு வைத்தால் ஒழுகாமல் ஊற்றலாம். அலுமினியப் பாத்திரமும் பற்றவைத்த அடியுள்ள பாத்திரமும் வேண்டாம். அடுப்பு தரையோடு அசையாமல் நிற்கட்டும். கம்பிச்சுருள் மின் அடுப்பு நல்லது. கேஸ் ஆனால் தீ சிறிதாக.

ஈயம் முழுவதையும் சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டு, பிறகு அடுப்பை மூட்டுங்கள். கடலில் கிடந்த வலைமணிகளின் துளைக்குள் உப்பு நீர் ஒளிந்திருக்கும். சட்டியோடு சேர்ந்து மெல்லச் சூடேறினால் அது தானாக ஆவியாகிப் போய்விடும். உருகிய ஈயத்துக்குள் இடையில் எதையும் போடாதீர்கள். இன்னும் வேண்டுமென்றால் சட்டி ஆறட்டும். கரண்டியையும் முன்பே சட்டியோரம் வைத்துச் சூடாக்குங்கள்.

உருகியதும் பட்டாணி அளவு மெழுகு போட்டுக் கிளறுங்கள். தீப்பற்றி எரியும், எதிர்பார்த்து விலகி நில்லுங்கள். கசடு சாம்பலாகப் பிரிந்து மேலே வரும். வாரி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். இந்தச் சாம்பல்தான் இருப்பதிலேயே நச்சானது. தோட்டத்திலும் குப்பையிலும் கொட்டாமல் சேர்த்துவைத்து ஈயம் எடுக்கும் பழைய இரும்புக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஊற்றச் சரியான வெப்பம் 370 முதல் 400 டிகிரி. பளபளக்கும் உலோகத்தில் அகச்சிவப்பு வெப்பமானி தப்பாகவே காட்டும். மல்டிமீட்டரோடு வரும் மெல்லிய கே-டைப் கம்பி (வெப்பம் அளக்கும் முனை) பெரும்பாலும் 250 டிகிரிக்கு மேல் தாங்காது. எஃகு உறையிட்டதை வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால், நன்கு உலர்ந்த மரக்குச்சியைச் சில நொடிகள் நனைத்துப் பாருங்கள்: மெல்லப் பழுப்பானால் சரி, உடனே கருகிப் புகைந்தால் சூடு அதிகம். மேற்பரப்பு நீலமும் ஊதாவுமாக மாறினாலும் தீயைக் குறைக்க வேண்டும்.

ஊற்றுதல்

அச்சை அடுப்புக்கு அருகில் வைத்துக் வெறுங்கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாக்குங்கள். அச்சின் உட்புறத்தில் மெழுகுவத்திப் புகைக்கரி மெல்லப் படியட்டும். ஈயம் வழுக்கி ஓடும், எளிதில் பிரியும். முள்ளை அதன் பள்ளத்தில் வைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் வைத்து கிளாம்ப்பால் இறுக்கி, ஊற்றுவாய் மேலே வரும்படி ஒரு தட்டு மணலின்மேல் நிறுத்துங்கள். மணலும் உலர்ந்திருக்க வேண்டும்.

கரண்டியில் தேவைக்கு மேலாகவே மொண்டு, நிறுத்தாமல் ஒரே ஒழுக்காக ஊற்றுங்கள். ஊற்றுவாயில் சிறு குமிழ்போல நிற்கும்வரை. அந்தக் குமிழ் நடுவில் குழிவிழும். உறையும் ஈயம் சுருங்கும்போது தேவைப்படும் ஈயத்தை அங்கிருந்துதான் இழுத்துக்கொள்கிறது. இருபது எண்ணிப் பிரித்து, குறடால் முள்ளின் வளைவைப் பிடித்து எடுங்கள். தலை இன்னும் 200 டிகிரிக்கு மேல் இருக்கும். பளபளப்பைக் கண்டு தொட்டுவிடாதீர்கள். தண்ணீரில் போட்டுக் குளிரவைக்கும் பழக்கம் வேண்டாம், சட்டிக்கு அருகில் தண்ணீர் இருக்கவே கூடாது.

முதல் இரண்டு மூன்று தலைகள் பொத்தலாகவே வரும். பிளாஸ்டரின் மேல்தோலில் எஞ்சிய தண்ணீர் அப்போதுதான் போகிறது. ஊற்றும்போது கொப்பளித்தாலோ சீறினாலோ உடனே நிறுத்தி அச்சை மறுபடி ஓவனுக்குப் பதில் வெயிலுக்கும் அடுப்போரத்துக்கும் அனுப்புங்கள்.

தலை கெட்டுப்போனால்

மேற்பரப்பு தோல் சுருங்கியதுபோல் வரிவரியாக இருந்தால் அச்சு சூடாகவில்லை. ஈயத்தைக் கூடுதலாகச் சூடாக்க வேண்டாம், அச்சைச் சூடாக்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து புகையைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள். உப்புப் பூத்ததுபோல் மங்கலாக இருந்தால் சூடு கூடிவிட்டது. கழுத்துப்பட்டை பாதி வந்தால் காற்றுக் கீறல் அடைத்திருக்கிறது, அல்லது தயங்கித் தயங்கி ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது ஈயத்தில் ஆன்டிமனி அதிகம். ஓரத்தில் அப்பளம்போல் மெல்லிய தகடு நீண்டால் இரண்டு பாதியும் இறுகவில்லை. இடையில் ஒரு பிளாஸ்டர் துகள் சிக்கியிருந்தாலே இது போதும். முள் கோணலாக வந்தால் பள்ளம் தேய்ந்துவிட்டது, அந்த அச்சுக்கு வேலை முடிந்தது. தண்டின்மேல் தலை சுழன்றால் ஒரு சொட்டு சூப்பர் குளூ தற்காலிகமாக நிறுத்தும். அடுத்த வார்ப்புக்கு முன் முள்ளின் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, தலைக்குள் புதையும் இடத்தில் தண்டில் மெல்லிய செப்புக் கம்பி இரண்டு சுற்றுச் சுற்றிவைத்தால் மறுபடி சுழலாது.

கெட்ட தலைகளை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து அடுத்த முறை, குளிர்ந்த சட்டியில் போடுங்கள். முள்ளைக் கழற்றி மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

சுத்தம் செய்து வண்ணமிடுதல்

ஊற்றுவாய்த் தண்டைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, எஞ்சிய மேட்டைக் கத்தியால் சீவுங்கள். அரத்தால் தேய்த்தால் கீழே செய்தித்தாள் விரித்துத் தூளைச் சேகரிக்கவும். கிரைண்டரும் உலர்ந்த உப்புத்தாளும் கூடவே கூடாது. ஈயத்தூள் காற்றில் பறக்கும். ஒவ்வொரு தலையையும் நகைத் தராசு போன்ற சிறிய தராசில் எடைபோட்டுப் பிரியுங்கள். அரை கிராம் வித்தியாசம் 20 கிராம் தலையில் தெரியாது, 5 கிராம் தலையில் விழும் வேகமே மாறும்.

ஈயம் காற்றில் கறுக்கும் முன், அந்த வாரத்துக்குள்ளேயே வண்ணமிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி உலர்த்திய பிறகு தலையை விரலால் தொடக் கூடாது. சில ஜிக்குகளுக்கு நகப்பூச்சு போதும்: முதலில் வெள்ளை இரண்டு கோட்டு, மேலே வேண்டிய நிறம், கடைசியில் தெளிவான இரு பாக எப்பாக்ஸி. வெள்ளை அடித்தளம் இல்லாமல் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாமே ஈயத்தின் சாம்பலில் மங்கிப்போகும். எப்பாக்ஸி விடக் கூடாது, ஏனென்றால் ரப்பர் மீனிலுள்ள இளக்கி எண்ணெய் நகப்பூச்சைக் கரைத்துப் பிசுபிசுவென்றாக்கும். அதே காரணத்துக்காக ரப்பரைக் கழற்றித்தான் ஜிக்கைப் பெட்டியில் வைக்க வேண்டும்.

நிறைய செய்தால் பவுடர் கோட்டிங் தூள் மிக வலுவானது. முள்ளின் வளைவைக் குறடால் பிடித்து, வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் தலையை 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, தளர்வாக உதறிவிட்ட தூளில் ஒரு நொடி முக்கி எடுங்கள். தூள் உருகிப் பளபளத்தால் சரி, மணல்போல் ஒட்டி நின்றால் சூடு போதவில்லை, புகைந்தால் அதிகம். சூடு ஆறுமுன் காதின் துளையை ஊசியால் திறந்துவிடுங்கள். பிறகு, இதற்கென்றே ஒதுக்கிய சிறு ஓவனில் தொங்கவிட்டு, தூள் பொட்டலத்தில் சொன்ன வெப்பத்திலும் நேரத்திலும் வேகவையுங்கள். பொதுவாக 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். ஈயம் 327-இல்தான் உருகும் என்பதால் தலைக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் படியை விட்டால் முதல் கல்லில் மோதியதுமே வண்ணம் சில்லு சில்லாகப் பெயரும்.

முடி கட்டுதல்

ரப்பர் மீன் கோக்காமல் முடியே கட்டிய ஜிக் சீலாவுக்கு மிகவும் ஏற்றது. ரப்பரை அது ஒரே கடியில் துண்டாக்கிவிடும். வெளிநாட்டில் இதற்கு மான்வால் முடி கட்டுவார்கள். இங்கே மானின் எந்தப் பாகமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நீளமான வெள்ளாட்டு முடி, சேவலின் கழுத்து இறகு, செயற்கை இழை மூன்றும் குறையில்லாமல் வேலை செய்யும்.

கழுத்துப்பட்டையில் நைலான் நூலைப் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றித் தளம் போடுங்கள். தீக்குச்சிக் கனத்தில் ஆறு சிறு கொத்துகளாக முடியை வைத்து, ஒவ்வொரு கொத்துக்கும் நான்கு சுற்று. மொத்தமாக ஒரே கொத்தாகக் கட்டினால் நடுவிலுள்ள முடி பிடிப்பில்லாமல் உருவிக்கொண்டு வரும். நீளம் முள்ளின் வளைவைத் தாண்டி 2 செ.மீ. இருக்கட்டும். கடைசியில் முடிச்சு, அதன்மேல் எப்பாக்ஸி. அடர்த்தியாகக் கட்டினால் அழகாகத் தெரியும், ஆனால் நீரில் குடைபோல் விரிந்து விழும் வேகத்தைப் பாதியாக்கும். கையில் பிடித்தால் இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்று தோன்றும் அளவே சரியான அளவு.

நீரில் இறக்கும் முன்

முள்ளை மரக்கட்டையில் குத்தி, காதில் நரம்பு கட்டி, கைத்தராசால் 6 கிலோவரை இழுத்துப் பாருங்கள். தலை அசைந்தாலோ முள் நிமிர்ந்தாலோ அந்த வரிசையில் இன்னும் இரண்டைச் சோதிக்க வேண்டும். பிறகு வாளித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். 90 டிகிரி ஜிக் படுக்கையாக நிற்க வேண்டும். மூக்கு கீழே சாய்ந்தால் முடிச்சைக் காதின் முன்பக்கத்துக்கும், வால் சாய்ந்தால் பின்பக்கத்துக்கும் நகர்த்தி இறுக்குங்கள். அப்படியும் சாய்ந்தால் அடுத்த மாதிரியில் தலை உருண்டையை முள்ளின் தண்டில் ஒரு மி.மீ. முன்னோ பின்னோ தள்ளிச் செய்ய வேண்டியிருக்கும். சீலாவோ வஞ்சிரமோ இருக்கும் நீர் என்றால் நரம்பை நேரே காதில் கட்டாமல் 15 செ.மீ. எஃகுக் கம்பி ஒன்றை இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாளிச் சோதனையைக் கம்பியோடு சேர்த்தே ஒருமுறை செய்யுங்கள்.